நெடுங்கால் ஈக்களில் பேரினத்தைப் பிரிப்பதும் பெயரிடுவதும்: ஸ்கியாபஸ் பெயரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தோட்டத்து இலைமேல் பச்சையும் பொன்னுமாக மின்னிக்கொண்டு, உடலைக் காலில் உயர்த்தித் தூக்கி நிற்கும் சின்னஞ்சிறு ஈயைப் பலர் பார்த்திருப்பீர்கள். டோலிகோபோடிடே என்னும் நெடுங்கால் ஈக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. உலகில் இதுவரை 7,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் விவரிக்கப்பட்டுள்ளன. இலைமேல் பளபளப்பவற்றில் பெரும்பகுதி ஸ்கியாபோடினே என்ற துணைக்குடும்பம். அந்தத் துணைக்குடும்பத்துக்குப் பெயர் தந்த பேரினம்தான் (நெருங்கிய இனங்களின் தொகுதிதான்) ஸ்கியாபஸ். மூன்றாவது முயற்சியில்தான் இந்தப் பெயர் நிலைத்தது. பெயரிடலில் நேரக்கூடிய பிழைகளில் முக்கால்வாசியை இந்த ஒரே பேரினத்தின் வரலாற்றில் காணலாம் என்பதால் அதையே நெடுகிலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

தொடங்குமுன் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று. பேரினப் பெயர் எந்த வரையறையோடும் கட்டப்பட்டதில்லை. அது டைப் இனம் எனப்படும் ஒரே ஓர் இனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வரையறை காலந்தோறும் மாறும், எல்லை விரியும், சுருங்கும். டைப் இனம் எங்கே போகிறதோ பெயரும் அங்கே போகும். இதை மறந்து, "இந்த அடையாளங்கள் இருந்தால் இந்தப் பேரினம்" என்று பட்டியலிலிருந்து வேலையைத் தொடங்குபவர்களின் திருத்தங்களே பிறகு மீண்டும் திருத்தப்படுகின்றன.

படி 1: மாதிரிகளைச் சேர்த்தல்

கைவலையால் இலைகளை வீசிப் பிடிப்பது, மலைஸ் பொறி (பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் கூடார வலை), மஞ்சள் கிண்ணப் பொறி மூன்றும் பயன்படும். கிண்ணத்தில் தண்ணீரும் இரண்டு மூன்று துளி பாத்திரம் துலக்கும் திரவமும் போதும். அந்தத் திரவம் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ஈ மூழ்கும். வெயில் காலத்தில் 24 மணி நேரத்துக்குள் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். இரண்டாம் நாள் வயிறு அழுகத் தொடங்கினால் இனவுறுப்பு (இனப்பெருக்க உறுப்பு) ஆய்வுக்கு உதவாது.

எந்தச் செறிவு ஆல்கஹாலில் வைப்பது என்பதில் ஒரு முரண் உண்டு. டிஎன்ஏ எடுக்க 95 சதவீத எத்தனாலும் குளிர்பதனமும் நல்லது. ஆனால் அந்தச் செறிவில் ஈ விறைத்து, கால்கள் மூட்டோடு கழன்று விழும். கால்களின் முள்மயிர்களை வைத்தே பாதி வகைப்பாடு நடக்கும் குடும்பத்தில் இது பெரிய இழப்பு. அதனால் ஒரே இடத்தில் ஒரே நாளில் பிடித்தவற்றை இரண்டாகப் பிரித்து, சிலவற்றை 95-லும் மற்றவற்றை 70 முதல் 80 சதவீதத்திலும் வையுங்கள்.

நிறத்தைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை. உலோகப் பச்சை என்பது சாயம் அன்று, புறத்தோலின் நுண்ணடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றுவது. திரவத்தில் ஊறும்போது அது மங்கும், சாயல் மாறும். விவரணையில் நிறத்தை உலர்ந்த மாதிரியிலிருந்தே எழுதுங்கள். ஆல்கஹாலில் இருந்து மட்டுமே பார்த்தீர்கள் என்றால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

படி 2: உலர்த்தலும் இனவுறுப்புத் தயாரிப்பும்

ஆல்கஹாலில் இருந்த ஈயைக் காற்றில் அப்படியே உலரவிட்டால் கண்ணும் வயிறும் சுருங்கிப் போகும். ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன் வழியாகவோ கிரிட்டிக்கல் பாயின்ட் கருவியிலோ உலர்த்த வேண்டும். ஹெக்ஸாமெத்தில்டைசிலசேனின் ஆவி கெடுதியானது, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டிக்குள் வைத்தே அதன் புட்டியைத் திறக்க வேண்டும். உலர்ந்ததை முக்கோண அட்டை முனையில் மார்பின் வலப்பக்கம் படும்படி ஒட்டினால், இடப்பக்கம் முழுவதும் பார்வைக்குக் கிடைக்கும். இந்த அளவு ஈயின் உடலில் நேரடியாகத் தடித்த ஊசியைக் குத்தினால் மார்பின் முள்மயிர் வரிசை சிதையும்.

ஆணின் வயிற்று நுனியைக் கத்தரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு, வெந்நீர்த் தொட்டியில் 5 முதல் 10 நிமிடம் சூடாக்குங்கள். அறை வெப்பத்தில் என்றால் ஓர் இரவு. ஒவ்வொரு இரண்டு நிமிடமும் எடுத்துப் பாருங்கள். கூடுதலாக வெந்தால் உறுப்பு கண்ணாடிபோல் ஒளிஊடுருவி, முட்கள் உதிர்ந்து, சவ்வுகள் கரைந்துவிடும். எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க இன்னோர் ஆண் உங்களிடம் இருக்காமலும் போகலாம். அரிய மாதிரி என்றால் 85 சதவீத லாக்டிக் அமிலம் மெதுவானது, அதுவே பாதுகாப்பு. பிறகு நீரில் அலசி, சில துளி அசிட்டிக் அமிலத்தில் காரத்தை நடுநிலையாக்கி, கிளிசரினுக்கு மாற்றுங்கள். ஆய்வு முடிந்ததும் உறுப்பை நுண்குப்பியில் வைத்து அந்த ஈ இருக்கும் அதே ஊசியில் செருகுங்கள். தனிப் பெட்டியில் சேமிக்கப்பட்ட உறுப்பு பத்தாண்டில் எந்த ஈயுடையது என்று தெரியாமல் போகும்.

இந்தக் குடும்பத்துக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஆணின் இனவுறுப்பு முறுக்கித் திரும்பி, வயிற்றுக்கு அடியில் முன்நோக்கி மடிந்திருக்கும். ஆகவே கண்ணுக்கு "மேலே" தெரிவது உடலமைப்பின்படி மேற்பக்கமாக இருக்க வேண்டியதில்லை. படத்தின் ஒவ்வொரு பகுதியையும் எந்தக் கணக்கில் மேல், கீழ் என்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். பழைய விவரணைகளை ஒப்பிடும்போதும் அந்த ஆசிரியர் எந்தக் கணக்கைப் பின்பற்றினார் என்று முதலில் கண்டுகொள்ளுங்கள்.

படி 3: குடும்பமும் துணைக்குடும்பமும்

நீண்ட கால் அடையாளம் அன்று. நீண்ட கால் உள்ள வேறு ஈக்குடும்பங்கள் உண்டு, உலோகப் பச்சை ஈக்களும் பிணஈ, படைவீர ஈக் குடும்பங்களில் உண்டு. சிறகைப் பாருங்கள். நெடுங்கால் ஈயில் அடிச்செல்லுக்கும் நடுச்செல்லுக்கும் இடையே வழக்கமாக இருக்கும் குறுக்கு நரம்பு கிடையாது, இரண்டும் ஒரே செல்லாக இணைந்திருக்கும். ஆணில் முன்மடிந்த இனவுறுப்பும் சேர்ந்தால் ஐயம் தீரும். மைக்ரோபோரினே, பராதலசினே ஆகிய குழுக்களை இக்குடும்பத்துக்குள் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. நீங்கள் எந்த எல்லையைக் கொள்கிறீர்கள் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

துணைக்குடும்பத்தில், ஸ்கியாபோடினேயின் உச்சந்தலை இரு கண்களுக்கும் இடையே ஆழமாகக் குழிந்திருக்கும். நடுநரம்பு பெரும்பாலும் இரண்டாகக் கிளைத்து, மேல்கிளை வளைந்து முன்னிருக்கும் நரம்பை நெருங்கும். "பெரும்பாலும்" என்ற சொல் காரணத்தோடுதான்: மீசோராகா பேரினத்தில் கீழ்க்கிளை இல்லை. சிறகுக் கிளையை மட்டும் பார்ப்பவர் அதை வேறு துணைக்குடும்பத்தில் போட்டுவிடுவார்.

படி 4: பேரினத்தின் எல்லை

கடினமான வேலை இதுதான், அவசரப்படுவதும் இங்கேதான்.

நெடுங்கால் ஈக்களின் ஆண்களில் அலங்காரங்கள் மிகுதி. அகன்ற பாதக்கணு, நுனியில் வெள்ளிப் பட்டை, நீண்ட அரிஸ்டா (உணர்கொம்பு மயிர்), விசித்திர முள்வரிசை. இவை பெண்ணுக்குக் காட்டுவதற்கானவை, அதனால் நெருங்கிய இனங்களுக்கிடையிலேயே வேகமாக மாறுபவை. ஒரே அலங்காரத்தை வைத்துப் புதுப் பேரினம் அமைத்தால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, தொடர்பில்லாத இனங்களிலும் அதே அலங்காரம் தனியாகத் தோன்றியிருக்கும். இன்னொன்று, பெண் ஈயை எந்தப் பேரினத்திலும் வைக்க முடியாது. இரு பாலிலும் காணப்படும் அடையாளம் குறைந்தது ஒன்றேனும் கிடைக்காத வரை புதுப் பேரினம் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

இரண்டாவது எச்சரிக்கை, இல்லாமையால் வரையறுக்காதீர்கள். டோலிகோபஸ் பேரினத்தில் பின்காலின் முதல் பாதக்கணுவின் மேற்பக்கம் வலுவான முள்மயிர் இருக்கும். ஹெர்கோஸ்டோமஸில் அது இருக்காது. "முள் இல்லை" என்பதாலேயே உறவில்லாத பல கிளைகள் ஹெர்கோஸ்டோமஸ் என்ற ஒரே கூடைக்குள் விழுந்தன. அது ஒரே மூதாதையின் வழிவந்த குழு அன்று என்று 2005-இல் ஸ்காட் புரூக்ஸ் வெளியிட்ட டோலிகோபோடினே ஆய்வு காட்டியது. நீங்கள் ஒரு கிளையைப் பிரித்தெடுக்கும்போது மிஞ்சுவது என்ன ஆகிறது என்றும் பாருங்கள். புதுப் பேரினம் அழகாக இருந்து, பழைய பேரினம் சிதறிக் கிடந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

டிஎன்ஏ எடுப்பவர்களுக்கு: 658 எழுத்து நீளமுள்ள சிஓஐ பட்டை (மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றின் துண்டு) இனத்தைப் பிரிக்க நன்றாக உதவும். பேரின அளவிலான பழைய கிளைப்புகளுக்கு அது மட்டும் போதாது, ஒரே இடத்தில் மாற்றங்கள் திரும்பத் திரும்ப நிகழ்ந்து பழைய தடயத்தை அழித்திருக்கும். உட்கரு மரபணுக்களும் தேவை. எதை எடுத்தாலும், ஒப்பிடப்படும் ஒவ்வொரு பேரினத்தின் டைப் இனமும், முடியாவிட்டால் அதற்கு மிக நெருங்கியதும், ஆய்வில் இருக்க வேண்டும். டைப் இனம் இல்லாத உறவுமுறை மரத்தில் எந்தக் கிளைக்கு எந்தப் பெயர் என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 5: பழைய பெயர்களைத் தோண்டுதல்

புதுப் பெயர் யோசிக்கும் முன், அந்தக் குழுவுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பெயராக (ஒரே குழுவுக்கு வைக்கப்பட்ட இன்னொரு பெயராக) ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் பெயர்களையும் சேர்த்தே. விலங்குகளுக்கான பெயரிடல் 1758 ஜனவரி 1-இலிருந்து கணக்கிடப்படுகிறது. இப்போது நடப்பில் இருக்கும் சர்வதேச விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு, 1999-இல் வெளியாகி 2000 ஜனவரி 1 முதல் செயலுக்கு வந்த நான்காம் பதிப்பு.

ஸ்கியாபஸ் கதை இங்கே வருகிறது. ஸ்வீடனின் ஃபாலன் 1823-இல் இந்த ஈக்களுக்கு லெப்டோபஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை 1809-லேயே லட்ரேய் கரைவாழ் நாவாய்ப்பூச்சி ஒன்றுக்கு வைத்துவிட்டிருந்தார். 1824-இல் மைகன், ஐரோப்பிய ஈக்களைப் பற்றிய தம் பெருநூலின் நான்காம் தொகுதியில், சைலோபஸ் என்று வைத்தார். அதுவும் முன்பே எடுக்கப்பட்டது: 1795-இல் ஜூசெப்பே சவேரியோ போலி என்னும் இத்தாலியர் ஒரு மெல்லுடலிக்கு வைத்த பெயர். விலங்குலகம் முழுவதிலும் ஒரு பேரினப் பெயர் ஒரு முறைதான் வரலாம், ஈக்களுக்குள் மட்டும் தேடினால் போதாது. 1842-இல் ட்செல்லர், சைலோபஸுக்கு மாற்றாக ஸ்கியாபஸ் என்ற பெயரைத் தந்தார். மூன்றிலும் கடைசிப் பகுதி கிரேக்கத்தில் கால் என்பதே: மெல்லிய கால், மொட்டைக் கால், நிழற்கால்.

மாற்றுப்பெயர் தன் டைப் இனத்தைத் தானே தேர்ந்துகொள்வதில்லை, மாற்றப்பட்ட பெயரின் டைப் இனமே அதற்கும். ஆகவே ஃபேப்ரிஷியஸ் 1805-இல் டோலிகோபஸ் பிளாட்டிப்டெரஸ் என்று விவரித்த ஐரோப்பிய ஈதான் இன்றும் ஸ்கியாபஸின் நங்கூரம்.

விதி அப்படி இருக்க, நடைமுறை வேறாக ஓடியது. 1842-க்குப் பிறகும் வாக்கர், லோவ் முதலியோர் வெப்பமண்டல இனங்களைச் சைலோபஸ் என்ற பெயரிலேயே விவரித்துக்கொண்டிருந்தார்கள். பிகோ 1859-இல் காண்டிலோஸ்டைலஸையும் ஹெட்டிரோசைலோபஸையும், 1888-இல் ஆம்பிளிசைலோபஸையும் ஏற்படுத்தினார். கடைசி இரண்டுக்குள்ளும் சைலோபஸ் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். தாய்ப்பெயர் செல்லாது, அதிலிருந்து பிறந்த பெயர்கள் செல்லும். எழுத்து வேறு என்பதால் அவை ஒத்தபெயர்கள் (வெவ்வேறு விலங்குகளுக்கு வைக்கப்பட்ட ஒரே பெயர்) அல்ல. பேரினப் பெயரில் ஓர் எழுத்து வேறுபட்டாலே விதியின் கண்ணில் அது வேறு பெயர். அதற்காக ஓர் எழுத்து மாற்றிப் பெயர் வைப்பது நல்ல பழக்கம் ஆகாது.

உலகளவில் ஸ்கியாபோடினே முழுவதையும் திரட்டிப் பேரினங்களை மறுவரையறை செய்தது 1994-இல் டேனியல் பிக்கல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு. துணைக்குடும்பத்தை மீசோராகினி, கிரைசோசோமட்டினி, ஸ்கியாபோடினி என மூன்று குழுக்களாகப் பிரித்த அந்த நூல் அருகில் இல்லாமல் இந்த ஈக்களில் பேரின வேலை செய்யாதீர்கள்.

ஒத்தபெயர் தேடும் இடங்கள்: சூபேங்க் (விலங்குப் பெயர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடு), சிஸ்டெமா டிப்டெரோரம் (ஈப் பெயர்களின் தரவுத்தளம்), நோமன்கிளேட்டர் சுவாலஜிகஸ் (விலங்குப் பேரினப் பெயர்களின் பட்டியல்). மூன்றையும் பாருங்கள், ஒன்றில் விடுபட்டது இன்னொன்றில் இருக்கும். தாவரப் பெயர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், இரு விதித்தொகுப்புகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதில்லை.

படி 6: டைப் இனத்தை உறுதிசெய்தல்

1930-க்குப் பிந்தைய பேரினப் பெயர் எனில் மூலக் கட்டுரையிலேயே டைப் இனம் நிர்ணயிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் அந்தப் பெயரே ஏற்கத்தக்கதன்று. அதற்கு முந்தையது எனில் பின்னால் முதன்முதலில் யார் முறையாக நிர்ணயித்தார் என்று தேட வேண்டும். ஈக்களில் பல பேரினங்களுக்கு 1910-இல் காகிலெட் வெளியிட்ட வட அமெரிக்க ஈப் பேரினங்களின் டைப் இனப் பட்டியல் இதற்கு விடை தரும். ஆனால் அவருக்கு முன்பே ஒருவர் செய்திருந்தால் அவருடையதே செல்லும். அதோடு, தேர்ந்தெடுத்த இனம் மூலக் கட்டுரையில் அந்தப் பேரினத்தில் சேர்க்கப்பட்டிருந்ததா என்றும் பாருங்கள். டோலிகோபஸ் போல, லட்ரேய் 1796-இல் எந்த இனமும் குறிப்பிடாமல் விவரித்த பேரினங்களில், பிறகு முதன்முதலில் அதில் சேர்க்கப்பட்ட இனங்களிலிருந்தே தேர்வு நடக்க வேண்டும்.

டைப் இனத்தின் மூல மாதிரியை அருங்காட்சியகத்தில் பார்க்க முடிந்தால் பாருங்கள். பழைய இரண்டு வரி லத்தீன் விவரணை பத்து இனங்களுக்குப் பொருந்தும்.

படி 7: புதுப் பெயரை உருவாக்கி வெளியிடுதல்

தேடி முடித்தும் பெயர் இல்லையென்றால்தான் இந்தப் படி. பெயர் லத்தீன் எழுத்தில், ஒரே சொல்லாக, பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். கட்டுரையில் "புதுப் பேரினம்" என்று வெளிப்படையாக அறிவியுங்கள், 1999-க்குப் பின் இது கட்டாயம். மற்றப் பேரினங்களிலிருந்து பிரித்துக் காட்டும் விவரணையும் டைப் இனமும் வேண்டும். புது இனமும் சேர்த்து விவரித்தால் அதற்கு ஹோலோடைப் (இனத்தின் பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரி), அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்ற அறிவிப்பு இரண்டும் வேண்டும். "பின்வரும் ஆய்வு உறுதிசெய்தால் இந்தப் பெயர்" என்று நிபந்தனையோடு வைத்தால் பெயர் ஏற்கப்படாது.

பெயரின் இலக்கணப் பாலையும் எழுதிவிடுங்கள். பெயரடையாக இருக்கும் இனப்பெயர் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். லின்னேயஸின் மஸ்கா உங்குலாட்டா, ஆண்பாலான டோலிகோபஸுக்கு வந்தபோது டோலிகோபஸ் உங்குலாட்டஸ் (லின்னேயஸ், 1758) ஆனது. அந்த அடைப்புக்குறி அலங்காரம் அன்று, இனம் முதலில் வேறு பேரினத்தில் விவரிக்கப்பட்டது என்பதன் குறி. ஃபேப்ரிஷியஸின் மஸ்கா லாங்கிகார்னிஸ் 1775, காண்டிலோஸ்டைலஸில் மாறாமல் நிற்கிறது, ஏனெனில் அந்த வகைப் பெயரடைக்கு ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றே. கிரைசோசோமா போன்ற அஃறிணைப் பாலில் வைத்தால் அது லாங்கிகார்னே ஆகும். கிரைசோசோமா "ஆ" ஒலியில் முடிவதால் பெண்பால் என்று எண்ணிவிடாதீர்கள், உடல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அது. பெயர்ச்சொல்லாக இருக்கும் இனப்பெயர்கள் எங்கே போனாலும் மாறா.

இனங்களைப் புதுப் பேரினத்துக்கு மாற்றும்போது, அங்கே ஏற்கெனவே அதே இனப்பெயர் இருக்கிறதா பாருங்கள். நூற்றுக்கணக்கில் சைலோபஸ் பெயர்கள் குவிந்த குழுவில் இது அடிக்கடி நேரும். இன்னொரு நுட்பம்: இரண்டு வெவ்வேறு ஈக்கள் முதலில் சைலோபஸ் பேரினத்தில் ஒரே இனப்பெயரோடு விவரிக்கப்பட்டிருந்தால், இன்று அவை வெவ்வேறு பேரினங்களில் இருந்தாலும் ஒத்தபெயர்களே. அதற்காகப் பிந்தியதை உடனே மாற்றிவிடாதீர்கள். 1899-க்குப் பிறகு அவை ஒரே பேரினத்தில் வைக்கப்படவே இல்லை, இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன என்றால், விதி மாற்றத்தைத் தடுத்து, சர்வதேச விலங்குப் பெயரிடல் ஆணையத்திடம் எடுத்துச் செல்லச் சொல்கிறது. மெல்லுடலிச் சைலோபஸில் அதே இனப்பெயர் இருந்தால் அது மோதல் ஆகாது, பேரினப் பெயர் ஒலியில் ஒன்றானாலும் பேரினம் வேறு.

வேறொருவர் வைத்த பேரினப் பெயர் ஒத்தபெயர் என்று கண்டால், அவர் உயிரோடிருந்தால் முதலில் அவருக்கு எழுதி, மாற்றுப்பெயரை அவரே வைக்கக் குறைந்தது ஓராண்டு அவகாசம் கொடுங்கள். விதித்தொகுப்பின் நெறிமுறை இது.

கடைசியாக வெளியீடு. மின்னிதழ் மட்டும் என்றால், 2011-க்குப் பிந்தைய வெளியீடுகளுக்கான விதிப்படி அந்தக் கட்டுரை வெளிவருமுன் சூபேங்கில் பதிவாகி, பதிவுச் சான்று கட்டுரைக்குள்ளேயே அச்சாகி, வெளியீட்டு நாளும் அதில் இருக்க வேண்டும். சூபேங்க் பதிவில் காப்பகத்தின் பெயரும் இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். இதைப் பதிப்பகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், விடுபட்டால் உழைத்து வைத்த பெயர் விதிப்படி வெளியாகாததாகிவிடும். புதுப் பெயரையும் விவரணையையும் துணைக்கோப்பில் தள்ளாமல் முதன்மைக் கட்டுரையிலேயே வையுங்கள். இறுதிப் பிரதி கைக்கு வந்ததும் பதிவு எண்ணைச் சூபேங்கில் தட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டல் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.